தெர்மாகோல் கணப்பு

— மறுபடியும் சொல்றேன்... இது செங்கல் மாதிரியே இல்ல.

— வேற எது மாதிரி இருக்கு டீச்சர்?

— பீட்ரூட் அல்வாவ வில்லை போட்டு அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு.

— அல்வாவா!

— என்ன, கோவமா?

— இல்லீங்க. அல்வான்னதும் பசி வந்துடுச்சு.

— வெளையாடாதீங்க கொளஞ்சி. இங்கிலாந்துல ஒரு பெரிய வூடு. வெளிய பனி கொட்டுது. உள்ள, செவுத்துல கணப்பு எரியுது. அத நம்புனாத்தான் நாடகத்தையே நம்புவாங்க. பாக்கறவங்களுக்குக் குளிரணும்.

— பங்குனி மாசம். பெரம்பலூரு. ஸ்கூல் மைதானத்துல பிளாஸ்டிக் சேரு. அதுல உக்காந்திருக்கறவங்களுக்குக் குளிரணும்...

— ஆமா.

— அப்ப நீங்க ஐஸ் வண்டிக்காரனத்தான் கூப்பிட்டிருக்கணும். கல்யாண ஸ்டேஜ் போடறவன இல்ல.

— கூப்பிட்டிருக்கலாம். அவனா இருந்தா மொத தடவையே கோயில் செவுரு கட்டிக் குடுத்திருக்க மாட்டான்.

— அத விடவே மாட்டீங்களா?

— எப்படி விடறது? கணப்பு படம் அனுப்பினேன்ல உங்களுக்கு?

— டவரு இல்ல, படம் தொறக்கல. போன்ல கேட்டேன். செகப்பும் வெள்ளையுமா வரி வரியா வரணும்னீங்க.

— செங்கலு, நடுவுல சிமெண்ட் கோடு. அதத்தான் சொன்னேன்!

— இந்த ஊர்ல செகப்பும் வெள்ளையும்னா கோயில் செவுத்துக் காவிப்பட்டதான் டீச்சர். மேலேருந்து கீழ. வெள்ளக்காரன் வூட்டு அடுப்ப நான் என்னத்தக் கண்டேன்?

— கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போன ஆட்டோவ உங்க ஷெட்டு வாசல்ல நிறுத்தி, ஒரு அம்மா எறங்கி வந்து கன்னத்துல போட்டுகிட்டாங்களாமே.

— கன்னத்துல போட்டுகிட்டதோட விட்டாங்களா? செருப்ப ஷெட்டுக்கு வெளிய கழட்டிப் போட்டுட்டு வந்து, இது என்ன சாமிப்பான்னு கேட்டாங்க.

— என்னன்னு சொன்னீங்க?

— இங்கிலீஷ் சாமின்னேன்.

— அடப்பாவி!

— சிரிச்சிட்டீங்க. அப்ப செங்கல் பாஸு.

— ஃபெயிலு. கோடு ரொம்ப வெள்ளையா இருக்கு. கொஞ்சம் அழுக்காக்கி வைங்க. அடுத்த சனிக்கிழமை வந்து பாக்கறேன்.

— அடுத்த சனிக்கிழமையா... அன்னிக்கு நான் ஊர்ல இருப்பேனான்னே தெரியலையே.

— அன்னிக்கேவா?

— சொன்னேன்ல டீச்சர். லப்பைக்குடிக்காட்டு ஏஜெண்ட் பாய் மஸ்கட்டுக்கு விசா வெச்சிருக்காரு. பெரிய பெரிய ஹாலு, அதுல ஸ்டேஜ் வேல. மூணு வருசம். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பாஸ்போர்ட்டு குடுத்தாகணும்.

— இந்த அடுப்ப முடிச்சாத்தான் குடுப்பேன்னு சொன்னீங்க.

— முடிச்சிட்டேன்னுதான் சொல்றேன்.

— முடிஞ்சுதா இல்லையான்னு நான் சொல்லணும்.

— அதுவும் சரிதான். டீச்சருங்க சொன்னாத்தானே பாஸு.

— மணி இப்ப என்ன?

— மூணே கால். ஏன், பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?

— இல்ல. ஒடையார்பாளையம் பஸ்ஸு நெறைய இருக்கு. வாரா வாரம் ஊருக்குப் போற வழியில அரியலூர்ல எறங்கிப் பாத்துட்டுப் போறேன், அவ்வளவுதான்.

— அவ்வளவுதான், அவ்வளவுதான். வழியில எறங்கிப் பாத்தே நாலு தடவ என்னயச் செங்கலடிக்க வெச்சிட்டீங்க. மொத தடவ காவிப்பட்ட, அது என் தப்பு. ரெண்டாவது தடவ, கல்லு ஒண்ணு மேல ஒண்ணு நேரா நிக்குது, எந்தக் கொத்தனாரும் இப்படி வெக்க மாட்டான்னீங்க.

— வெக்க மாட்டான்தானே?

— மூணாவது தடவ, புதுசா இருக்கு, பொகையே படாத அடுப்பு மாதிரி இருக்குன்னீங்க. கரி பூசினேன். போன சனிக்கிழமை வந்து, ரொம்பக் கரியா இருக்குன்னீங்க. ஈரத்துணி வெச்சு ஒவ்வொரு கல்லாத் தொடச்சேன். இப்ப கோடு வெள்ளையா இருக்கு! முந்திரிக்கொட்டைய ஒடச்சு ஒடச்சு சொத்தை பாக்கற ஊருக்காரங்கன்னு காட்டிட்டீங்க.

— எங்க ஊர எதுக்கு இழுக்கறீங்க?

— பேரு முத்தமிழு. பிள்ளைங்களுக்கு எடுக்கறது இங்கிலீஷு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், இவங்ககிட்ட எதுவும் நேரா நடக்காதுன்னு.

— பேரு எங்கப்பா வெச்சது. அவருகிட்டப் போயி கேளுங்க.

— கேக்கறேன், கேக்கறேன்.

— ...இதென்ன, ரெண்டு ஓரத்துலயும் சுருட்டி சுருட்டி வெச்சிருக்கீங்க? ஜாங்கிரியா?

— பசியில இருக்கறவன்கிட்ட பேசற பேச்சா இது? நத்தக்கல்லு டீச்சர், நத்த கல்லாப் போனது. எங்க வூட்டு வாசப்படில பதிச்சிருக்கு. எந்தக் காலத்துக் கல்லோ. அதுல களிமண்ண அமுக்கி அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊத்துனேன்.

— இங்கிலாந்து வூட்ல அரியலூர் நத்தையா?

— நம்ம ஊரே ஒரு காலத்துல கடலு தானேங்க. அந்த ஊரச் சுத்தியும் கடலு. நத்தைக்கு என்ன, விசாவா வேணும்?

— விசா பேச்ச எடுக்காதீங்க.

— ஏங்க?

— ஒண்ணும் இல்ல. நத்த நல்லா இருக்கு. இருக்கட்டும்.

— ஆகா! ஒரு மாசத்துல வாங்கின மொத மார்க்கு. இருங்க... போன் அடிக்குது. பாய்தான்.

— எடுங்க.

— சொல்லுங்க பாய்... ஆமா... இல்ல, இன்னும் கேக்கல... அதான் அஞ்சு மணிக்குள்ள சொல்றேன்னு சொன்னேன்ல... ஆங், இங்கதான்... அய்ய, பாய் கூடத்தான் பேசறேன், வேற யாரு கூட... கத்தாதீங்க பாய், வெக்கிறேன்.

— எதுக்குக் கத்தறாரு?

— அவசரமாம்.

— என்னத்தக் கேக்கலன்னீங்க?

— அது... மஸ்கட்ல தங்கற எடம் எப்படின்னு... இன்னும் கேக்கலன்னேன்.

— நீங்க கேக்க வேண்டியத அவருகிட்டதானே கேக்கணும்? அவருகிட்டயே கேக்கலன்னு சொல்றீங்க.

— கிளாஸ்லயும் இப்படித்தான் கேள்வி கேப்பீங்களா? பாவம் பிள்ளைங்க. இந்தாங்க, இந்த டப்பாவுல ரவா உருண்ட. எங்க அக்கா ராசாத்தி குடுத்துச்சு. உங்களுக்குன்னு.

— எனக்கா? அவங்களுக்கு என்னய எப்படித் தெரியும்?

— சனிக்கிழமை ஆனா அழுக்குச் சட்டைய மாத்திட்டுக் கெளம்பறேன்ல. கேட்டுச்சு. சொன்னேன்.

— என்னன்னு சொன்னீங்க?

— ஒரு டீச்சர் வருவாங்க, என்னய ஃபெயிலாக்கிட்டுப் போவாங்கன்னேன்.

— ...உருண்ட நல்லா இருக்கு. நெய் வாசமா.

— இதுக்கு உடனே மார்க்கு. செங்கலுக்கு இல்ல. சரி, இந்த அடுப்ப ஸ்டேஜ்ல எந்தப் பக்கம் வெக்கப் போறீங்க? அடுப்புன்னா அக்னி மூலையிலதான் இருக்கணும்னு அக்கா சொல்லுது.

— பொய் அடுப்புக்கு என்னத்துக்கு மூல?

— அடுப்பு பொய்யி. கட்டின கை நெசம்ல? ஆனா உங்க ஸ்கூல் ஸ்டேஜ்ல அந்த மூலையில வேப்பங்கெள இடிக்குது. திரையே சரியா எறங்காது.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எது?

— வேப்பமரம்.

— ...எந்த ஸ்கூல்லதான் வேப்பமரம் இல்ல? ஒரு கணக்குல சொன்னேன்.

— நல்ல கணக்கு. ...மூணு வருசம் அங்க போயி என்ன கொளஞ்சி பண்ணப் போறீங்க?

— இங்க மட்டும் என்ன பண்றேன்? முந்நூறு கல்யாண ஸ்டேஜ் போட்டிருப்பேன். ஒண்ணுலயும் ஏறி உக்காரல. முப்பத்தேழு வயசு முடியப் போவுது.

— நான் ஏறியிருக்கேன்.

— ஆங்?

— கிஃப்ட் குடுக்க. போட்டோ எடுக்கற வரைக்கும் நின்னுட்டு, எறங்கிச் சாப்பிடப் போயிடுவேன். உங்க தெர்மாகோல் மயிலக்கூட பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.

— எப்படி இருக்கு நம்ம மயிலு?

— ஒரு கண்ணு மேல இருக்கு, ஒரு கண்ணு கீழ இருக்கு.

— பத்து வருசமா ஓடற மயிலு! ஒருத்தரும் சொல்லலையே.

— கல்யாணத்துல மயில யாரு பாக்கறா? பொண்ணத்தான் பாப்பாங்க.

— ...உங்களப் பாக்க யாரும் வரலையா டீச்சர்?

— வந்தாங்க. பஜ்ஜி தின்னாங்க. போயி யோசிச்சுச் சொல்றோம்னாங்க. இன்னும் யோசிச்சுகிட்டே இருக்காங்க. விடுங்க. நெருப்பப் போட்டுக் காட்டுங்க.

— ஜன்னல சாத்தறேன். கதவு தொறந்தே இருக்கட்டும், நாலு பேரு போற வர்ற ரோடு. ...பாத்தீங்களா? கீழ டேபிள் ஃபேன மல்லாக்கப் படுக்க வெச்சிருக்கேன். அதுக்கு மேல ஆரஞ்சுத் துணிய நாடா நாடாவா வெட்டிக் கட்டியிருக்கேன். உள்ள சீரியல் பல்பு. கட்டை மட்டும் நெசம், முந்திரிக்கட்டை. போடட்டுமா?

— போடுங்க.

— இந்தா...

— ...அய்யோ.

— என்னங்க, இதுவும் ஃபெயிலா?

— எரியுது கொளஞ்சி. நெசமாவே எரியுது.

— கைய நீட்டுங்க. சுடாது, காத்துதான் வரும்.

— பிள்ளைங்க இத மட்டும் பாத்திருந்தா... எவ்வளோ சந்தோசப்பட்டிருக்குங்க.

— பட்டிருக்குங்களா? படப் போவுதுங்கன்னு சொல்லுங்க டீச்சர். இனிமேதானே நாடகம்.

— ...ஆமா. படப் போவுதுங்க. அதான் ஆண்டு விழா மாசக் கடைசிக்குத் தள்ளிப் போயிடுச்சு, அடுப்ப இப்ப அனுப்ப வேணாம்னு போன்ல சொன்னேனே. ...அந்த மேல் பலக ஒரு பக்கமா சாயுற மாதிரி இல்ல?

— சாயல.

— சாயக் கூடாது. கடைசி சீனே அது மேலதான். எட்வர்டு கப்பல் ஏறப் போறான். டிக்கெட்ட அந்தப் பலக மேல வெச்சிட்டுப் பெட்டி கட்ட உள்ள போவான். அவன மனசுல வெச்சிருக்கற மேரி தனியா நிப்பா. டிக்கெட்ட எடுப்பா... பாப்பா... நெருப்புல போட்டுடுவா. திரை.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— இந்த மேரிக்கு வாயி இல்லையா? போகாதய்யான்னா முடிஞ்சுது. அத வுட்டுட்டு எதுக்கு டிக்கெட்ட எரிக்கணும்?

— அவளால சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பொண்ணு. கௌரவம் பாக்கறவ.

— ஒடையார்பாளையத்துக்காரியா இருந்தா சொல்லியிருப்பாளா?

— அவளும் சொல்லியிருக்க மாட்டா. எழுதினதே அவதானே.

— நீங்க எழுதின நாடகமா? ஏதோ இங்கிலீஷ் புஸ்தகத்துலேருந்து எடுத்ததுன்னுல்ல நெனச்சேன்.

— நானே எழுதினது. மொதல்ல கடைசி சீன்ல எல்லாரும் கேக் வெட்டுவாங்க.

— அப்பறம் எப்ப டிக்கெட்டு வந்துச்சு?

— நீங்க மஸ்கட் போறேன்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு வூட்டுக்குப் போயி மாத்தி எழுதினேன். போதுமா? வேலையப் பாருங்க.

— பலகை நிக்குதான்னு பாக்கணும்ல. டிக்கெட்டுக்கு எங்க போறது... இந்தாங்க, இந்தக் கவர வெச்சிப் பாப்போம்.

— என்ன கவரு?

— பாஸ்போர்ட்டுக் கவருதான். சாயங்காலம் குடுக்கறதுக்கு ஒட்டி வெச்சிருந்தேன்.

— அதயா? வேணாம் கொளஞ்சி...

— வெச்சாச்சு. நிக்குது பாருங்க. நான் பின்னாடி போயி ஃபேன் வயரப் பாத்துட்டு வரேன். எட்வர்டு பெட்டி கட்டப் போறான்னு வெச்சுக்குங்களேன்.

— வயரு நல்லாத்தானே இருக்கு?

— லூசா இருக்கு. ...பின்னாடி வந்துட்டேன். இங்கேருந்து ஒண்ணும் தெரியல டீச்சர். அடுப்பு மறைக்குது.

— ...

— டீச்சர்? சத்தத்தையே காணோம்?

— ...கோடு வெள்ளையா இருக்குல்ல, அதப் பாத்துகிட்டிருக்கேன்.

— வரட்டுமா?

— வாங்க.

— என்னங்க, கவரக் காணோம்?

— காத்துல விழுந்திருக்கும். ஃபேன வேகமா வெச்சிருக்கீங்க.

— ஃபேனு கீழ இருக்கு, காத்து மேல வருது. கவரு மட்டும் காத்த எதிர்த்துகிட்டு நெருப்புக்குள்ள குதிச்சிருக்கு. கெட்டிக்காரக் கவருதான்.

— ஆமா, நான்தான் போட்டேன்! என்ன இப்ப? எரியாத நெருப்புதானே. எடுத்துக்குங்க. பாய்கிட்டக் குடுங்க. மஸ்கட் போங்க. ...இல்ல, போகாதீங்க. நான் மேரி இல்ல, எனக்கு வாயி இருக்கு. நீங்க போறது எனக்குப் புடிக்கல. போகாதீங்க கொளஞ்சி. சொல்லிட்டேன்.

— டீச்சர்...

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. அந்தக் கவரப் பிரிங்க.

— உங்க பாஸ்போர்ட்ட நான் எதுக்குப் பிரிக்கணும்? போட்டோவுல திருதிருன்னு முழிச்சுகிட்டு இருப்பீங்க.

— பிரிங்க டீச்சர்.

— ...இது பாஸ்போர்ட்டு இல்லையே. இது... எங்க ஸ்கூல் ஆண்டு விழா பத்திரிகை.

— இன்னிக்கு உங்ககிட்டக் குடுக்கத்தான் ஒட்டி வெச்சிருந்தேன். தேதியப் படிங்க. இங்கிலீஷ்லயும் போட்டிருக்கு.

— போன வாரம் வெள்ளிக்கிழமை. ...இது உங்களுக்கு எப்படி...?

— பெரம்பலூர்ல ஸ்டேஜ் போடற சுரேஷ்குமார் எடுத்த ஆர்டரு. கைக்கு ஆளில்ல, வாடான்னு கூப்பிட்டான். அந்த ஸ்டேஜே நான் போட்டதுதான் டீச்சர். வேப்பங்கெளைக்கு நடுவுல ஏணி மேல நின்னு திரை கட்டிகிட்டிருந்தேன். நீங்க கீழ, பச்சப் பொடவையில, ஒரு பிள்ளைக்கு ஊக்கு குத்திகிட்டிருந்தீங்க. டான்ஸு வந்துச்சு. யோகா வந்துச்சு. பேச்சு பேச்சுன்னு மாத்தி மாத்திப் பேசினாங்க. எட்வர்டும் வரல, மேரியும் வரல.

— நேரம் இல்லன்னு நாடகத்த எடுத்துட்டாங்க. அன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்க. ரெண்டு மாசம் மனப்பாடம் பண்ணிச்சுங்க. மேரியா நடிக்க இருந்த பிள்ள, வூட்லேருந்தே போட்டுட்டு வந்த வேசத்தோட உக்காந்து அழுதுச்சு. நானும் அழுதேன்.

— மறுநாளே இங்க வந்தீங்களே. என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா அடுப்பு வேல முடிஞ்சுடும். முடிஞ்சா நீங்க பாஸ்போர்ட்டக் குடுத்துடுவீங்க. அப்பறம் நான் எதுக்கு வழியில எறங்கணும்? ஒடையார்பாளையத்துக்கு நேராப் போற பஸ்ஸு இருக்கு. ...இருங்க. தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? நாடகம் இல்லன்னு தெரிஞ்சுகிட்டேவா ஈரத்துணி வெச்சு ஒவ்வொரு கல்லாத் தொடச்சீங்க?

— இப்பவும் கோடு வெள்ளையா இருக்குன்னா சொல்லுங்க, அழுக்காக்கிடறேன்.

— நெசப் பாஸ்போர்ட்டு எங்க?

— வூட்டு பீரோவுல. கரியா இருக்குன்னு சொல்லிட்டு நீங்க பஸ் ஏறினீங்கல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமையே லப்பைக்குடிக்காட்டுக்குப் போயி, மன்னிச்சுக்குங்க பாய், நான் வரலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நடக்காத நாடகத்துக்கு வந்து ஒருத்தங்க செங்கல்ல கொற கண்டுபிடிக்கறாங்க. அத வுட்டுட்டு நான் எங்க டீச்சர் போறது?

— அப்ப... கத்தினாரே பாய்? அஞ்சு மணி, அஞ்சு மணின்னு நீங்களும் அவருகிட்டச் சொன்னீங்களே? ...இதோ, மறுபடியும் அடிக்குது.

— நீங்களே எடுங்க.

— நானா? பாய்கிட்ட நான் என்னத்தப் பேச?

— பாய் இல்ல டீச்சர், எங்க அக்கா ராசாத்தி. பாய்னு கூப்பிட்டதுக்கு இன்னிக்கு எனக்கு வூட்ல இருக்கு... நாளைக்கு ஒடையார்பாளையத்துக்கு உங்கப்பாகிட்டப் பொண்ணு கேட்டு வர்றதா வேணாமான்னு அஞ்சு மணிக்குள்ள கேட்டுச் சொல்லுன்னுச்சு. ஒரு மணி நேரமா எனக்குத்தான் வாயி வரல. எடுத்து நீங்களே சொல்லிடுங்க.